ரைசன் 5 5600 பிராசஸருக்கு எந்த மதர்போர்டு பொருந்தும்? முதல் முறையாக வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறேன், ஊர் கும்பகோணம்

பிராசஸரை முதலிலேயே முடிவு செய்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. ரைசன் 5 5600 உட்காருவது ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசஸரை மாட்டும் இடம்), அதற்கு டிடிஆர்4 ராம்தான். கடைக்காரர் "புதுசு சார், டிடிஆர்5" என்று ஏஎம்5 போர்டை எடுத்து வைத்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், உங்கள் பிராசஸர் அதில் இறங்கவே இறங்காது.

ஆனால் சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏஎம்4 வந்தது 2016-இல், உங்கள் பிராசஸர் வந்தது 2022-இல். நடுவில் வந்த பி450 வகை போர்டு கடை அலமாரியில் பழைய பயாஸோடு (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பிவிடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தூங்கிக்கொண்டிருந்தால், எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டி சுவிட்சைப் போட்ட பிறகும் ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டும் நன்றாக இருக்கும், பிராசஸரும் நன்றாக இருக்கும், அந்தப் பயாஸுக்கு இந்தப் பிராசஸரைத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு வழி ரொம்ப எளிது. போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய் சப்போர்ட் பகுதியில் சிபியு பட்டியலைத் திறங்கள். 5600-க்கு நேரே, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருக்கும். மாடல் பெயரை ஒரு எழுத்து விடாமல் பாருங்கள், பெட்டியிலோ போர்டிலோ 'ரெவ்' என்று ஒரு எண் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் ஒரே மாடலுக்கே ரெவ் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறலாம். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நேரில் வாங்கினால் பணம் கொடுப்பதற்கு முன்பே "பயாஸ் அப்டேட் செய்து திரையில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வரவழைப்பதாக இருந்தால், பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் வைத்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால், அப்டேட் செய்வதற்காகவே ஒரு பழைய பிராசஸரை யாரிடமாவது கடன் கேட்டு அலைய வேண்டும்.

என்னைக் கேட்டால் நாலு ராம் ஸ்லாட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் (சற்றுச் சின்ன அளவு) பி550 போர்டு. கிராபிக்ஸ் கார்டுக்கும் முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும் (சின்ன எஸ்எஸ்டி மாட்டும் இடம்) பிசிஐஇ 4.0 என்ற வேகமான டேட்டா பாதை கிடைக்கும், பி450-லும் ஏ520-லும் 3.0தான். வெறும் டைப்பிங், கோடிங், வீடியோ பார்ப்பது என்றால் ஏ520 தாராளம். எக்ஸ்570 மாதிரி உயர்ரக போர்டெல்லாம் உங்களுக்கு வீண் செலவு.

அப்புறம், கிராபிக்ஸ் கார்டு இப்போதே வாங்குகிறீர்களா? 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கார்டு இல்லாமல் அதில் படம் வராது. கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் 5600ஜி வாங்குங்கள், அதே போர்டு போதும்.

எஸ்எஸ்டி, கேபினெட் பெரிய விஷயமில்லை. எம்.2 எஸ்எஸ்டி என்விஎம்இ என்ற வேகமான வகையா என்று பார்த்து வாங்குங்கள். கேபினெட் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை ஏற்க வேண்டும், அந்த போர்டு அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரம்.

நம் பக்கத்துக் கடைகளில் "ஐ5 செட்" என்று மலிவாக ஒன்று வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எச்61 என்ற பழைய போர்டு, 2011, 2012 வாக்கில் வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸர். ஓடும்தான், ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி அதில் ஏறாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அந்தப் பணத்தை இதில் போடுங்கள்.

மாட்டும்போது ஒன்று. ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரில் இருக்கும். அதன் மூலையில் உள்ள தங்க நிற முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்து, லீவரை மேலே தூக்கிவிட்டு, சும்மா வைத்தால் போதும், தானே இறங்கும். இறங்கவில்லையா, அழுத்தாதீர்கள், எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.

பவர் சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள், பழைய ஓட்டு வீடு என்றால் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பவர் வயரோடு லேன் வயரையும் பிடுங்கிவிடுங்கள். பில்லில் போர்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்குக் கொடுக்க திருச்சி போக வேண்டுமா சென்னை போக வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.