எந்த டாக்டர், சார்?

போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி 'அன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்' பார்த்தோம். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் 1963இல் பிறந்த கதையை நாடகமாக்கிய படம் அது. தொடரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2013 நவம்பர் 21 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் மார்க் கேட்டிஸ். முடிந்ததும் கேள்விச் சீட்டுகள் என் கைக்கு வந்தன. இந்தத் தொடர் மேல் எனக்குள்ள பைத்தியமும், திருவிழா நாடகங்களுக்கு வசனம் எழுதுகிற பழக்கமும் ஊரறிந்தவை. அன்றைக்குப் பாதிக்குத்தான் நேரம் இருந்தது. விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் தொடரையே பார்த்ததில்லை. இவர் எந்த டாக்டர், சார்? (காட்பாடி)

வேலூரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! ஊசி போடுகிறவர் இல்லை. காலத்தைத் தாண்டிப் பயணம் செய்கிற வேற்றுலகவாசி, 'டாக்டர்' என்றே அழைக்கப்படுகிறவர். அவருடைய வாகனம் லண்டன் தெருக்களில் அந்தக் காலத்தில் நின்ற போலீஸ் டெலிபோன் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் பீரோவை விடக் கொஞ்சம் பெரிது, உள்ளே போனால் கல்யாண மண்டபம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

லக்னோவில் பிறந்தவர்தான் முதல் கதையை இயக்கினாரா, இல்லை படத்துக்காகச் சேர்த்ததா? (ராணிப்பேட்டை)

சேர்த்ததே இல்லை. வாரிஸ் ஹுசைன் 1938இல் லக்னோவில் பிறந்தவர். எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். முதல் கதையை எடுக்கும்போது அவருக்கு வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. அப்போது பிபிசி நாடகப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர்தான். இவர்களுக்கு மேலே நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், கனடாக்காரர். மூன்று பேருமே அந்தக் கட்டடத்துக்கு வெளியாட்கள். கேட்டிஸ் கதையின் முதல் பாதியை இந்த ஒரு புள்ளியின் மேல்தான் நிற்க வைத்திருக்கிறார். 'இந்தப் பெண்ணும் இந்தப் பையனும் என்ன செய்துவிடப் போகிறார்கள்' என்ற பார்வை ஒவ்வொரு அறையிலும் தெரிகிறது.

முதல் எபிசோடை நிஜமாகவே இரண்டு தடவை எடுத்தார்களா? (வாலாஜா)

ஆமாம். செப்டம்பரில் எடுத்ததைப் பார்த்துவிட்டு நியூமன் வேண்டாம் என்றார். பெட்டியின் கதவு மூட மாட்டேன் என்று அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டரும் ரொம்பக் கடுகடுவென்று இருந்தார். அக்டோபரில் மறுபடி எடுத்தார்கள். பிபிசியின் லைம் குரோவ் வளாகத்தில் கிடைத்ததோ பழைய ஸ்டுடியோ. விளக்குச் சூடு ஏறினால் தீயணைப்புக் குழாய் தானே திறந்து தண்ணீர் கொட்டும். நம்ம ஊர் மே மாதத்தில் அங்கே ஒரு காட்சிகூட எடுத்திருக்க முடியாது.

அந்தப் பெட்டி கிளம்பும்போது வருகிற சத்தம் எப்படி வந்தது? (வேலூர்)

வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் கம்பியைச் சுரண்டினார் பிபிசியின் ஒலிக் கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன். அதைப் பதிவு செய்து இழைத்து இழைத்துச் செய்த சத்தம்தான் அது.

படத்தில் எவ்வளவு உண்மை? (குடியாத்தம்)

கென்னடி சுடப்பட்ட மறுநாள், நவம்பர் 23 அன்று, தொடர் தொடங்கியதும், அடுத்த வாரம் முதல் எபிசோடை மறுபடி போட்டதும் நடந்தவை. 'பிதுங்கின கண் பூதம் எதுவும் கூடாது' என்பது நியூமனின் கட்டளை. அதை மீறி தாலெக்குகள் என்ற உலோகக் கூட்டு வில்லன்கள் வந்ததும், அவைதான் தொடரைத் தூக்கி நிறுத்தின என்பதும்கூட உண்மையே.

எனக்குக் குறை, விட்டுப்போன ஆட்களைப் பற்றித்தான். ஆரம்பக் கதைகளுக்கு உருவம் கொடுத்த கதை ஆசிரியர் டேவிட் விட்டேக்கர் படத்தில் ஒரு பாத்திரமாகக்கூட இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் பத்து அதிகாரிகளைக் காட்டினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், சரி. நானும் மூன்று மாமன்களை ஒரே மாமனாக்கி வசனம் எழுதியிருக்கிறேன். நாடகத்துக்கு அது நல்லது, விட்டுப்போன மாமன்தான் பாவம். தாலெக்கைக் கற்பனை செய்த டெரி நேஷனுக்குப் பேரும் பணமும் சேர்ந்தன. அதற்கு உருவம் வரைந்த ரேமண்ட் குசிக் பிபிசியின் சம்பள ஊழியர். அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அன்பளிப்புத் தொகை. இதை மட்டும் வைத்தே இன்னொரு படம் எடுக்கலாம்.

உடம்பு முடியாத மனுஷனை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட்டது அநியாயம் இல்லையா, தம்பி? (ஆரணி பக்கம் ஒரு அம்மா)

அம்மா, நான் எதிர்பார்த்த கேள்வி இது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் அதுவரை முரட்டு சார்ஜென்ட் வேஷங்களுக்குப் பேர்போனவர். இந்த வேஷம் வந்த பிறகு குழந்தைகள் தெருவில் பின்னால் ஓடி வந்தார்கள். அப்புறம் ரத்தக்குழாய் நோய். வசனம் மறந்தது. அந்தக் காலத்தில் டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால் பல தடுமாற்றங்கள் அப்படியே ஒளிபரப்பாயின. 1966 அக்டோபரில் விலகினார். டேவிட் பிராட்லி அவராக நடித்த அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்காகத்தான் இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு தொடர் பிறந்த கதை என்று உட்கார வைத்து, அதை விட்டுப் போக மனசில்லாத ஒருவரின் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அநியாயமா என்றால், நம்ம பாரதக் கூத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் நேற்று ராத்திரி அர்ச்சுனன் கட்டியவர் வேறு, இன்று கட்டுகிறவர் வேறு. அதே கிரீடம், அதே புஜக்கட்டை. கட்டியக்காரன் பேரைச் சொன்னதும் சபை ஒத்துக்கொள்கிறது. லண்டன்காரர்கள் அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வைத்தார்கள்: உடல் தளர்ந்தால் டாக்டர் வேறு உருவம் எடுப்பார். பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார், தொடர் பிழைத்தது. வேஷம் கலைத்த ஆள் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பாரே, கூத்தில் அவரை நாம் பார்ப்பதில்லை. படம் அங்கேதான் விளக்கைத் திருப்புகிறது.

கடைசியில் எதிரே வந்து நிற்கிற இளைஞர் யார்? (வேலூர்)

மேட் ஸ்மித், 2013இல் டாக்டராக இருந்தவர். 2023இல் மறுபடி ஒளிபரப்பியபோது அந்த இடத்தில் புதிய டாக்டர் ஷூட்டி கட்வாவை வைத்தார்கள். நாம் பார்த்தது பழைய பிரதி.

ஹார்ட்னெல் நடித்ததை இப்போது பார்க்க முடியுமா? (திருப்பத்தூர்)

முழுக்க முடியாது. பிபிசி டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியதில் அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் காணாமல் போயின. அவருடைய கடைசி எபிசோடும் அதில் ஒன்று. ட்ரௌட்டனாக உருமாறும் அந்தச் சில நொடிகள் மட்டும், குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்துப் போட்டிருந்ததால் தப்பித்தன.

மறுபடி பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்? (காட்பாடி)

பிபிசி வாசலில் நிற்கும் காவலாளியையும், தெருவில் விளையாடும் பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் அம்மாவையும் பாருங்கள். 1963இல் டாக்டரோடு அந்தப் பெட்டிக்குள் போன வில்லியம் ரஸ்ஸலும் கேரல் ஆன் ஃபோர்டும்தான் அவர்கள். எனக்கே மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.