ஏற்காடு தோட்டத்துக்கு ஆர்பிஎல் சரி, ஆனால் பேட்டரியைத் தின்பது வேறு
காபித் தோட்டத்தில் 30 மண் ஈர சென்சார், சிசி2650 என்ற ரேடியோ சிப் உள்ள போர்டு, 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங், எல்லாம் ஒரே கேட்வேக்கு (தரவைத் திரட்டும் மையக் கருவி). சென்சார்களின் தகவல் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் நெறிமுறையான ஏஓடிவி-யில் பேட்டரி மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, ஆர்பிஎல் என்ற இன்னொரு நெறிமுறைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறுங்கள் சார்.

ஏஓடிவி தேவைப்படும்போதுதான் பாதை தேடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2003-இல் வந்த அதன் வரையறையில், பயன்படாத பாதை இயல்பாக 3 விநாடியில் காலாவதி. அதனால் உங்கள் ஒவ்வொரு ரீடிங்குக்கும் தோட்டம் முழுக்க "கேட்வே எங்கே?" என்று தண்டோரா போடுகிறது. ஆர்பிஎல் கேட்வேயை வேராக வைத்துப் பாதையை முன்கூட்டியே கட்டிவிடும். நிலைமை மாறாதவரை பாதை பற்றிய அறிவிப்புகளின் இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். சிறு கருவிகளுக்கான இயங்குதளமான கான்டிகி-என்ஜியின் இயல்பு அமைப்பில் சுமார் 4 விநாடியில் தொடங்கி 17 நிமிடம் வரை.

ஆர்பிஎல் பாதையைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் ஓஎஃப்0 மட்டும் வேண்டாம். ஹாப் (தகவல் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) குறைந்தால் போதும் என்று, சில்வர் ஓக்குக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே தட்டுத்தடுமாறும் நீண்ட இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நனைந்த இலை ஆகவே ஆகாது. எம்ஆர்ஹெச்ஓஎஃப் என்ற விதியை ஈடிஎக்ஸ்-உடன் (ஒரு செய்தி போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற அளவு) போடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ரேடியோ எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால் சுமார் 6 மில்லிஆம்பியர் இழுக்கும். 2500 எம்ஏஹெச் பேட்டரி இரண்டரை வாரத்தில் காலி. உங்கள் கணக்கோடு பொருந்துகிறதே! கான்டிகி-என்ஜியின் சிஎஸ்எம்ஏ-வும் (அலைவரிசை காலியா என்று பார்த்து அனுப்பும் முறை) ரேடியோவை அணைக்காது. ஆர்பிஎல்-ஐ, குறித்த நேரத்தில் மட்டும் ரேடியோவை எழுப்பும் டிஎஸ்சிஹெச் முறையின் மேல் ஓட்டுங்கள்.