கைரோபிராக்டிக் எந்தப் பிரச்சினைகளுக்கு உதவும், எதற்கு உதவாது?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சட்டென்று அழுத்திச் செய்யும் இந்தச் சிகிச்சையை யாரோ வீடியோவாக அனுப்பியிருக்கிறார்கள். அதில் சடக் சடக்கென்று நெட்டி முறிகிறது, படுத்திருந்தவர் எழுந்து கண்கலங்கச் சிரிக்கிறார். நானும் அதைப் பார்த்துத்தான் போனேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

முதலில் நேர்ப் பதில். இடுப்பு வலி, கழுத்து வலி, கழுத்திலிருந்து கிளம்பும் ஒருவகைத் தலைவலி, இவற்றுக்கு ஓரளவு உதவும். ஓரளவு என்றால், உடற்பயிற்சியோ பிசியோதெரபியோ தரும் அளவுக்கு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவை என்று ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சரோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் என்ன செய்தாலும் நாளடைவில் சரியாகிவிடும் என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை, காதில் சீழ், குழந்தைகள் படுக்கையை நனைப்பது, கைக்குழந்தை காரணமில்லாமல் அழுவது, இதற்கெல்லாம் உதவும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது.

பதில் அவ்வளவுதான். இனி என் கதை.

மூன்று வருடம் முன்பு, கீழே விழுந்த ஒரு சாக்ஸை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. நான்கு நாள் கட்டிலிலிருந்து உருண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். (அலுவலகத்தில் லீவு கேட்டபோது மேலாளர், "பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார். காலில் கட்டு இருந்திருந்தால் பூங்கொத்து வந்திருக்கும். கட்டுப் போட முடியாத வலிக்கு மரியாதை இல்லை. கேள்விக்கு இதில் சம்பந்தமில்லை, ஆனால் இன்னும் ஆறவில்லை.) ஐந்தாம் நாள் கைரோபிராக்டரிடம் போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி ஒரே அழுத்து. சத்தம் கேட்டது. நடந்து வெளியே வந்தேன். அவர் கைராசியா, ஐந்தாம் நாளின் ராசியா, இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அவர்தான் எனக்குக் கடவுள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் ஓசை என்று நினைத்திருந்தேன். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வரும் சத்தம்தானாம். நாம் விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அதேதான்.

மூன்றாவது தடவை என் ஒன்பது வயது மகனும் கூட வந்திருந்தான். அவனுக்கு இழுப்பு உண்டு, தினமும் காலையும் இரவும் இன்ஹேலர். அவன் முதுகைத் தடவிப் பார்த்தவர், "நுரையீரலுக்குப் போகிற நரம்பு அழுந்தியிருக்கு சார். சரிபண்ணிட்டா போகப்போக இன்ஹேலரே தேவைப்படாது" என்றார். என் இடுப்பைச் சரிசெய்தவர் சொல்கிறார், நம்பாமல் இருப்பேனா? 24 அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினேன்.

இன்ஹேலரை நிறுத்துங்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். காலை மருந்தை விட்டது நான். பையன் "நல்லா இருக்குப்பா" என்றான், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் மனைவி மட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும் கருவி, எண் குறைந்தால் மூச்சுக்குழாய் இறுகுகிறது என்று அர்த்தம்) அவனை ஊதச் சொல்லி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். 270, 260, 260, 230, 210. நான் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவன் கட்டில் ஓரத்தில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, விலாவுக்கு இடையே தோல் உள்ளே குழிந்தது. "அப்பா தண்..." என்றான், சொல்லை முடிக்க மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள், விடிவதற்குள் தேறிவிட்டான். மனைவி திட்டவில்லை. நோட்டைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1998இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு உண்மையான கைரோபிராக்டிக், மீதிப் பேருக்கு அதுபோல் நடிப்பு. இரண்டு பக்கமும் அறிகுறிகள் குறைந்தன, இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதாவது "நல்லா இருக்குப்பா" நடிப்புக்கும் கிடைக்கும். இந்த முறையே 1895இல் டி. டி. பால்மர் என்பவர் அமெரிக்காவில் ஒருவரின் முதுகை அழுத்திக் காது கேட்கவைத்தேன் என்று சொன்னதில்தான் தொடங்கியது. காது கேட்கும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை, அது மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது.

கைரோபிராக்டர்கள் யாராவது படித்தால் சண்டைக்கு வர வேண்டாம். இடுப்பு, கழுத்தோடு நின்றுகொண்டு, மற்றதற்கு "டாக்டரைப் பாருங்க" என்று அனுப்புகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் இன்றும் போவேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வரவில்லை அல்லது அடக்க முடியவில்லை என்றாலோ, யாரிடமும் முதுகைக் கொடுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய், எலும்பு மெலிவு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர்தான். கழுத்தைச் சட்டென்று திருப்ப நான் இப்போது விடுவதில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் கழுத்து ஒன்றுதானே இருக்கிறது.

அந்த 24 கட்ட அட்டை இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது, 9 கட்டம் காலி. பணத்தைக் கேட்டேன். திருப்பித் தர விதி இல்லையாம், வேண்டுமானால் வீட்டில் வேறு யாரையாவது அழைத்து வரலாமாம்.