குழம்பு மஞ்சளும் மஞ்சள் மாத்திரையும் ஒன்றா?

குழம்பில் போடும் மஞ்சள் நல்லது என்றால், அதையே மாத்திரையாக விழுங்கினால் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். மஞ்சள்தூளில் ஏறத்தாழ 3 சதவீதமே, அதற்கு நிறம் தரும் குர்குமின் என்னும் சேர்மம். அதிலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களால் டெட்ராஹைட்ரோகுர்குமின் முதலிய வேறு சேர்மங்களாக மாற்றப்படுகிறது. குடலில் உறிஞ்சப்படுபவை போர்ட்டல் சிரை என்னும் இரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலையே அடைகின்றன. மாத்திரைகளிலோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம் குர்குமினோடு, அதன் உறிஞ்சலைக் கூட்டுவதற்கென்றே மிளகின் காரப்பொருளான பைப்பரினையும் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன; அதனால் கல்லீரலை அடையும் அளவும் கூடுகிறது. (மிளகு ரசம் குடிப்பவர்கள் அஞ்ச வேண்டாம், அளவு வேறு.) அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வொன்றில், மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரில் 7 பேரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்னும் மரபணு வகை இருந்தது; அதாவது, இவ்வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம். மாத்திரை எடுக்கும்போது கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.