பேசிப் பேசி அவிழ்க்கும் புதிர்கள்

கேள்வி: தம்பி வேலைக்காக வெளியூர் போய்விட்டான். இருவரும் பேசிக்கொண்டே ஆட ஒரு புதிர் வீடியோ கேம் சொல்லுங்களேன், சுடுகிற கேம் வேண்டாம்.

பதில்: யோசிக்காமல் ‘வீ வேர் ஹியர்’ எடுங்கள். நெதர்லாந்தின் டோட்டல் மேஹெம் கேம்ஸ் 2017-இல் வெளியிட்டது. பனிக்கு நடுவே ஒரு கோட்டை, ஆளுக்கொரு வாக்கிடாக்கி, ஒருவர் நூலகத்தில் குறியீடுகளோடு உட்கார்ந்திருக்க மற்றவர் பொறிகள் வைத்த அறைகளில் அலைகிறார், ஒருவருக்குத் தெரிவது அடுத்தவருக்குத் தெரியாது என்பதால் வாயால் விவரித்தே ஆகவேண்டும். தனியாக ஃபோன் போட்டுப் பேசாதீர்கள், அந்த வாக்கிடாக்கியிலேயே பேசுங்கள், பாதி சுவையே அதில்தான். வினோத வடிவங்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பாமல், பார்த்ததும் இருவரும் ஒரே பெயராகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், நேரம் நிறைய மிச்சமாகும்.

அப்புறம் ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’, 2015-இல் வந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். வெடிகுண்டு ஒருவர் திரையில் மட்டும், அதைச் செயலிழக்க வைக்கும் கையேடு மற்றவரிடம். கேமை ஒருவர் வாங்கினால் போதும், கையேடு இணையத்தில் இலவசம். கையேட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு முதலில் நீங்கள் குண்டைப் பிடியுங்கள்.