பைத்தான் வலைச் செயலியை ஒரே த்ரெட்டில் ஓட்டுவதா, பல த்ரெட்டுகளில் ஓட்டுவதா?

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை ப்ராசஸ் என்பார்கள்; அதற்குள் தனித்தனியே ஓடும் வேலைச் சரடுதான் த்ரெட். வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன், உங்கள் நிரலில் கோரிக்கைகளுக்கிடையே எந்தெந்த மாறிகள் பொதுவாக இருக்கின்றன என்று பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

வலை சர்வரும் பைத்தான் செயலியும் பேசிக்கொள்வதற்காக 2003-இல் உருவான டபிள்யூஎஸ்ஜிஐ விதிமுறை, த்ரெட்டுகளின் எண்ணிக்கையைச் சர்வரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஆனாலும், ஒவ்வொரு கோரிக்கையோடும் செயலிக்கு வரும் என்விரான் அகராதியில் (கோரிக்கையின் விவரங்கள் அடங்கிய 'டிக்ட்') 'டபிள்யூஎஸ்ஜிஐ.மல்டித்ரெட்' என்ற மதிப்பு ஒன்று உண்டு. அது 'ட்ரூ' என்றிருந்தால், உங்கள் செயலியை அதே ப்ராசஸுக்குள் இன்னொரு த்ரெட்டும் அதே நேரத்தில் அழைக்கக்கூடும் என்று பொருள்.

இதைப் பொருட்படுத்தாமல் நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். உள்நுழைந்தவரின் பெயரை ஒரு குளோபல் மாறியில், அதாவது எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவான மாறியில், வைத்திருந்தேன். நான் பயன்படுத்திய கூனிகார்ன் என்ற டபிள்யூஎஸ்ஜிஐ சர்வரின் இயல்பான சிங்க் வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்) ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிக்கும் என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. த்ரெட்டுகளை 4 ஆக்கியதும், ஒருவரின் பக்கத்தில் வேறொருவரின் பெயர் எப்போதாவது தோன்றத் தொடங்கியது. முதல் த்ரெட் பெயரை எழுதிவிட்டுத் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்த இடைவெளியில், இரண்டாவது த்ரெட் அதே மாறியில் தன் பெயரை எழுதிவிட்டிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக் (பூட்டு) போட்டால் கோரிக்கைகள் மறுபடியும் வரிசையில்தான் நிற்கும். ஆகவே பெயரைக் கோரிக்கைப் பொருளுக்குள் மாற்றினேன்.

ஒற்றை த்ரெட்டில் ஈவென்ட் லூப்பை (பல கோரிக்கைகளை மாறி மாறிக் கவனிக்கும் சுழற்சியை) ஓட்டும் ஏஎஸ்ஜிஐ என்ற இன்னொரு விதிமுறையின் பக்கம் போனால் இந்தத் தொல்லை இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஒரு பதிலுக்காகக் காத்திருக்கச் சொல்லும் 'அவெயிட்' வரும் இடத்தில் லூப் வேறொரு கோரிக்கைக்குத் தாவிவிடுவதால், என் குளோபல் மாறி அங்கும் அதே குழப்பத்தைத்தான் செய்திருக்கும். போதாக்குறைக்கு, 'அசிங்க்' ஃபங்ஷனுக்குள் த்ரெட்டையே 5 விநாடி நிறுத்திவைக்கும் 'டைம்.ஸ்லீப்(5)' தவறுதலாக இருந்தால், அந்த ப்ராசஸில் உள்ள அத்தனை பேரும் 5 விநாடி காத்திருக்க வேண்டியதுதான்.

இனி வேகம். பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தானான வழக்கமான சிபைத்தானில் ஜிஐஎல் என்ற உள்பூட்டு இருப்பதால், ஒரு ப்ராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் நிரலை இயக்க முடியும். ஆனால் நெட்வொர்க்குக்கோ கோப்புக்கோ காத்திருக்கும் த்ரெட் அந்தப் பூட்டை விட்டுவிடும். எனவே தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதே பெரும்பாடாக உள்ள செயலிக்கு த்ரெட்டுகளைக் கூட்டுங்கள். பைத்தானிலேயே கணக்கிடும் வேலை மிகுதி என்றால், நினைவகச் செலவைப் பொறுத்துக்கொண்டு ப்ராசஸ்களைக் கூட்டுங்கள். எதைச் செய்வதற்கு முன்பும், 'குளோபல்' என்ற சொல்லையும், மாடியூல் மட்டத்தில் கிடக்கும் பட்டியல்களையும் அகராதிகளையும் நிரல் முழுவதும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.