பித்தளைக் கூம்பில் பொறித்த எழுத்துகள் என்ன சொல்கின்றன?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில், 0 முதல் 22 வரை அளவுகோடுகள் கொண்ட பித்தளைக் கூம்பு ஒன்றையும், மரையுள்ள சிறிய வட்ட மூடி ஒன்றையும் வாங்கினேன். கூம்பில் ‘80’, ‘வி’, ‘5/17’ என்ற முத்திரைகளும் ஓர் அம்புக்குறியும் உள்ளன. மூடியில் ‘36 எம்’ என்றிருக்கிறது. இவை என்ன? வீட்டில் வைத்திருக்கலாமா?

பதில்: உங்கள் கூம்பு, முதல் உலகப் போரில் 18 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டுகளுக்கு (வானில் வெடித்து உலோக உருண்டைகளைச் சிதறடிப்பவை) பொருத்தப்பட்ட 80ஆம் எண் ஃபியூஸ், அதாவது குண்டை உரிய நேரத்தில் வெடிக்கவைக்கும் முனைக்கருவி. ‘வி’ (V) என்பது உற்பத்தியாளரின் முதலெழுத்து அன்று. ரோமானிய எண்முறையில் ஐந்து, அதாவது அந்த வடிவமைப்பின் ஐந்தாவது திருத்தம். அதனருகே ஒரு நட்சத்திரம் இருந்திருந்தால், அத்திருத்தத்திலும் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டதாகப் பொருள். ‘5/17’ என்பது 1917 மே மாதம். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதை மட்டும் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அப்பொருளை அரசு விற்றுக் கழித்துவிட்டது எனலாம். சில 80ஆம் எண் ஃபியூஸ்களில் ‘கே.பி.இசட் 96/04’ என்ற முத்திரையும் காணப்படும். ஏனெனில் மூல வடிவமைப்பு ஜெர்மனியின் க்ருப் ஆயுத நிறுவனத்துடையது; ‘கே’ அதன் பெயரைக் குறிக்கும். போருக்கு முன்பே பிரிட்டனின் விக்கர்ஸ் ஆயுத நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றிருந்தது. ஜெர்மானியரை நோக்கிச் சுடப்பட்ட குண்டுகளுக்காக, போர் முடிந்தபின் க்ருப் உரிமத்தொகை கேட்டது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

மூடியைப் பொறுத்தவரை, அது மில்ஸ் கையெறி குண்டின் அடிமூடி. வெடிதூண்டியை உள்ளே வைப்பதற்காகவே அது கழற்றக்கூடியதாக அமைக்கப்பட்டது. 1915இல் வந்த 5ஆம் எண் குண்டு, துப்பாக்கியிலிருந்து ஏவும் கம்பியைப் பொருத்த அடிமூடியில் துளையிட்ட 23ஆம் எண், அதன்பின் 36ஆம் எண் என்பது இதன் வரிசை. ‘எம்’ என்பது மெசபடோமியாவை (இன்றைய ஈராக்) குறிக்கும். வெப்பமும் ஈரமும் தாக்காதபடி அரக்குப் பூசிய வகை அது. அடிமூடியைக் கழற்றி அதே வகையைச் சேர்ந்த வேறு குண்டில் பொருத்த முடியும் என்பதால், மூடியின் முத்திரையை வைத்துக் குண்டின் உடலுக்கு வயது கணிப்பது தவறு.

இனி, இவற்றை வீட்டில் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மேற்கண்ட எந்த முத்திரையும் உள்ளே வெடிமருந்து இல்லை என்பதற்குச் சான்று அன்று. தனியாகக் கிடைத்த அடிமூடி வெறும் உலோகமே, அதனால் ஆபத்தில்லை. ஃபியூஸ் அப்படியல்ல. 80ஆம் எண்ணின் வளையங்களுக்குள் கருமருந்து நிரப்பப்பட்டிருக்கும். கீழ்வளையத்தைத் திருப்புவதால் அந்த மருந்து எரிய வேண்டிய நீளம் மாறி, குண்டு வெடிக்கும் நேரம் அமைகிறது. அதற்கும் மேலாக, நேரக் கணக்கிற்கு ஒன்றும் மோதலுக்கு ஒன்றுமாக அதிர்ச்சியில் வெடிக்கும் இரு சிறு மருந்துக் குப்பிகள் அதில் உண்டு. சுடப்படாத ஃபியூஸில் இவை நூறாண்டு கழித்தும் உயிரோடு இருக்கலாம்.

ஆகவே வளையத்தைத் திருப்பாதீர்கள், கழற்றாதீர்கள், சூடாக்காதீர்கள், மெருகேற்றும் சக்கரத்தில் வைக்காதீர்கள். விற்றவர் ‘காலியானது’ என்று சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, எல்லோரும் விலகிய பின் 999 எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள். தேவையெனில் இராணுவ வெடிகுண்டு அகற்றும் பிரிவை அவர்களே வரவழைப்பார்கள். எக்காரணம் கொண்டும் அதைக் காரில் வைத்துக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.